சபை தேடிய பாடகி: எம்.ஐ.ஏ.யின் முதல் ஆறு ஆண்டுகள்

2003ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து மூன்று இளம் பெண்களின் முதல் வெளியீடுகள் வந்தன. டெவன் பக்கத்துக் கிராமமொன்றில் வளர்ந்த ஜோஸ் ஸ்டோனுக்கு வயது 16. அல்பத்தின் பெயர் ‘த சோல் செஷன்ஸ்’. வட லண்டன் யூதக் குடும்பத்துப் பிள்ளையான ஏமி வைன்ஹவுஸுக்கு வயது 20, ‘ஃபிராங்க்’. மூன்றாமவரிடம் அல்பம் இருக்கவில்லை. ‘கலாங்’ என்ற ஒரேயொரு பாட்டு, 500 இசைத்தட்டுகள், அவ்வளவுதான். வயது 28. பெயர் மாதங்கி அருள்பிரகாசம். தட்டில் அச்சான பெயர் எம்.ஐ.ஏ.

முதல் இருவரையும் சோல் பாடகிகள் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. மூன்றாமவரை அந்த வரிசையில் வைத்தால் இசை தெரிந்தவர்கள் சிரிக்கக்கூடும். அவர் பாடுவதே குறைவு. பேசுகிறார், கூவுகிறார், மூன்று நான்கு சுரங்களுக்குள் சிறுபிள்ளை விளையாட்டுப் பாட்டுப்போல ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனாலும் அந்த வரிசையில் வைத்தே அவரை நிறுக்க விரும்புகிறேன். தமிழில் அவருக்கு இதுவரை கிடைத்தவை பெரும்பாலும் இரண்டு தராசுகள். ஒன்று, ‘உலகமே மெச்சிய எங்கட பிள்ளை’ என்ற பெருமை. மற்றது, ‘புலியா, இல்லையா’ என்ற விசாரணை. இரண்டிலும் பாட்டு ஏறவேயில்லை.

கறுப்பு அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டு 1950களில் உலகியல் மேடைக்கு இறங்கியபோது உருவானது சோல். கடவுளை அழைத்த தொண்டை அப்படியே காதலை அழைத்தது. பிறகு உரிமையையும் கேட்டது. இதை விளங்கிக்கொள்ள, இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைக்குடி முஸ்லிம்களான நாங்கள் ரே சார்ள்ஸ் வரை போகவேண்டியதில்லை. நாகூர் ஈ.எம். ஹனீபா போதும். எங்கள் கல்யாண வீடுகளிலும் பெருநாள் காலைகளிலும் ஒலிபெருக்கியில் கேட்ட அந்தக் குரல்தான் தமிழ்நாட்டில் தி.மு.க. மேடைகளிலும் ஒலித்தது. இறைவனுக்கு ஒரு குரல், கட்சிக்கு ஒரு குரல் என்று அவர் பிரித்துவைக்கவில்லை. இதிலிருந்து இரண்டு அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். பாடுகிறவர் சொல்வதை உணர்ந்து சொல்கிறார் என்ற நம்பிக்கை கேட்பவருக்கு வரவேண்டும். அடுத்தது, அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சபை இருக்கவேண்டும்: கூடவே பாடுகிற, ஆமோதிக்கிற, தவறினால் பாடகரைத் திருத்தவும் கூடிய சபை.

ஜோஸ் ஸ்டோனின் தொண்டை அபாரமானது. அந்தப் பிள்ளையை மயாமிக்குக் கூட்டிப்போய், பெட்டி ரைட், டிம்மி தோமஸ், லத்திமோர் முதலிய பழைய சோல் கலைஞர்களின் நடுவே நிறுத்தி, பிறர் பாடிய பாட்டுகளைப் பாடவைத்தார்கள். சபை தயாராக இருந்தது. அது அவருடையதாக இருக்கவில்லை. பட்டறியாத துயரத்தை அவர் சுருதி பிசகாமல் பாடுகிறார், அதுதான் குறை. 2005இல் பிரிட் விருது விழாவில் சிறந்த ‘ஏர்பன்’ கலைஞர் என்ற பரிசு அவருக்கே போனது. கறுப்பர் இசைக்கென்று ஒதுக்கிய பிரிவில் டெவன் கிராமத்துப் பிள்ளைக்குப் பரிசு! பிழை பிள்ளையில் இல்லை, கொடுத்தவர்களில்.

ஏமி வேறு ரகம். ‘ஃபிராங்க்’ ஜாஸுக்கும் ஹிப்ஹொப்புக்கும் இடையில் அலைகிறது. அவருக்கே அதில் முழுத் திருப்தி இருக்கவில்லை. ஆனால் தன் காதலனையும் தகப்பனையும் பற்றி மூடிமறைக்காமல் எழுதினார். அந்த அல்பத்தின் ஒரு பாட்டு 2004இல் ஐவர் நொவெல்லோ விருது பெற்றது சரியான தீர்ப்பே. 2006இல் ‘பேக் டு பிளாக்’ பதிவாகும்போது புரூக்ளினின் டாப்-கிங்ஸ் வாத்தியக் குழு பின்னால் வந்து நின்றது. உணர்வு முதலிலேயே இருந்தது, சபை பிறகு சேர்ந்தது. ஏமியின் உயரம் அதனால் வந்தது.

இனி மாதங்கி. 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர் முற்றிய 1986இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாகத் திரும்பி, தென்லண்டன் மிச்சம் பகுதியின் தொடர்மாடி வீடொன்றில் வளர்ந்தவர். தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். தகப்பன் அருளர் ஈரோஸ் என்ற ஈழ விடுதலை இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இலக்கிய வாசகர்களுக்கு அவர் வேறு விதமாகத் தெரிந்தவர்: 1977 கலவரத்தின் அகதிகளைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிவந்த கப்பலை வைத்து ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர். மகளின் முதல் அல்பத்துக்குத் தகப்பனின் இயக்கப் பெயர், இரண்டாவதற்குத் தாயின் பெயர். ‘அருளர்’ (2005), ‘கலா’ (2007). வீட்டில் இல்லாத தகப்பன் முதலில், வீட்டில் இருந்த தாய் பிறகு. இரண்டு அல்பங்களின் தரமும் இதே வரிசையில்தான் ஏறுகிறது என்பது என் கணிப்பு.

அவர் இசைக்கு வந்த வழி முக்கியம். சென்ட்ரல் சென் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தது திரைப்படமும் நுண்கலையும். இலாஸ்டிகா என்ற ராக் குழுவுக்கு அல்பம் அட்டை வரைந்தார். அவர்களின் இசைப் பயணத்தைப் படம்பிடிக்கக் கூடப் போனார். அந்தப் பயணத்தில் முன்நிகழ்ச்சி செய்த பீச்சஸ் என்ற கனடாப் பாடகிதான் ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப்பெட்டியை இயக்கப் பழக்கினார். ஆக, பயிற்சி பெற்ற கண்ணும் பழகாத தொண்டையும் அவரது மூலதனம். பாட்டை அவர் கட்டுகிற விதம் சுவரொட்டி ஒட்டுகிற விதம்: ஒரு துண்டு இங்கிருந்து, ஒரு துண்டு அங்கிருந்து, ஓரங்கள் தெரியவே ஒட்டியிருக்கும்.

‘கலாங்’ இந்த முறையின் முதல் வெற்றி. ஜமேக்காவின் டான்ஸ்ஹோல் தாளம், லண்டன் தெருப்பேச்சு, மலிவான இயந்திர ஒலி. முடிவில் எல்லாம் விலகிவிட, ஒரு கூட்டம் சேர்ந்து கூவுகிற இடம் வரும். அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதுவரை தனியே குறும்பு பேசிக்கொண்டிருந்த குரல் தனக்கொரு கூட்டத்தைக் கேட்கிறது. அடுத்துச் செய்யவேண்டியது என்ன என்பதை அந்த ஒரு பாட்டிலேயே அவரது காது சொல்லிவிட்டது. தலை அதைக் கேட்க நான்கு வருடம் எடுத்தது.

இடையில் வந்தது ‘அருளர்’. பிறர் இசையிலிருந்து எடுத்த சாம்பிள்களுக்கு அனுமதி வாங்குவது இழுபட்டதால் அல்பம் தள்ளிப்போனது. இடைவெளியை நிரப்ப, 2004 டிசம்பரில் டிப்ளோ என்ற அமெரிக்கத் தயாரிப்பாளருடன் சேர்ந்து ஒரு கலவைத் தொகுப்பை வெளியிட்டார். மேற்கத்திய விமர்சகர்கள் கொண்டாடினார்கள். நியூயோர்க்கின் ‘வில்லேஜ் வொய்ஸ்’ நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் 2005க்கு ‘அருளர்’ இரண்டாமிடம், கான்யே வெஸ்டுக்கு அடுத்தபடி. மேர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலிலும் இருந்தது. விற்பனை மட்டும் சுமார்.

தாளத்தைப் பொறுத்தவரை அந்தப் பாராட்டு நியாயம். ரியோ நகரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த பைலே ஃபங்க்கை ‘பக்கி டன் கன்’ பாட்டு மூலம் பலர் முதன்முதலில் கேட்டார்கள். அதன் அடித்தாளம் டெய்ஸே டிக்ரோனா என்ற பிரேசில் பாடகியின் பாட்டிலிருந்து வந்தது. கேட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைத் தேடிப்போனார்கள்? ஜோஸ் ஸ்டோன் கடன்வாங்கியபோது கடன் கொடுத்தவர்கள் அதே அறையில் உட்கார்ந்து வாசித்தார்கள். ‘அருளர்’ காலத்து மாதங்கியின் கடன், கடன்காரர் முகம் காணாத கடன். ஒருத்தியைப் போலி என்றும் மற்றவரைப் புரட்சி என்றும் எழுதியவர்கள் இதை எண்ணிப்பார்க்கவில்லை.

அரசியலைப் பொறுத்தவரை, பாராட்டு அளவுக்கு மிஞ்சியது. ‘கலாங்’ வீடியோவில் அவருக்குப் பின்னால் அச்சுத்தட்டு ஓவியங்கள் மாறிமாறி வரும்: தாங்கிகள், எரியும் பனைகள், புலி. ‘சன்ஷவர்ஸ்’ வீடியோவில் தென்னிந்தியக் காட்டுக்குள் பெண்கள் அணியாக நடக்கிறார்கள். அந்தப் பாட்டில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருவதால் எம்.டீ.வி. அதை ஒளிபரப்ப மறுத்தது. இவையெல்லாம் லண்டனில் துணிச்சல் என்று எடுபட்டன. இங்கே, கல்முனைக்குடியிலிருந்து பார்க்கிறவருக்கு அந்தப் புலிப் படம் நிறமும் கோடுமாக மட்டும் தெரியாது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அதே வருடம் யூனில் எமக்கு அடுத்திருக்கும் பாண்டிருப்பிலும் கல்முனையிலும் படையினர் பிடித்துப்போன தமிழ் இளைஞர்கள் திரும்பி வரவில்லை என்பதையும் நாங்கள் அறிவோம். இந்தக் கரையில் யாருக்கும் ஒற்றை நிறத்தில் கதை இல்லை.

காலமும் கூடிவந்தது. அந்தக் கலவைத் தொகுப்பு வந்த டிசம்பரில்தான், 26ஆம் திகதி, கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகள் துடைத்தெடுக்கப்பட்டன. நிவாரணத்தைப் பகிர 2005 யூன் 24இல் அரசும் புலிகளும் கையொப்பமிட்ட பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தத்தில் முஸ்லிம்கள் கையொப்பமிடும் தரப்பாக இருக்கவில்லை. ‘மக்களை எழுப்பு’ என்று ஓர் அல்பம் உலகம் சுற்றிய அதே மாதங்களில், யார் யார் மக்கள் என்ற கேள்வி எங்கள் அகதி முகாம்களில் திறந்தே கிடந்தது. பாடகி இதற்குப் பொறுப்பாளி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ‘அருளர்’ பேசும் ‘மக்கள்’ எவ்வளவு மங்கலானவர்கள் என்பது இங்கிருந்து பார்த்தால் உடனே தெரிகிறது. முழக்கங்கள் தெளிவாக இருக்கின்றன, முழங்குகிறவர்கள் யாரென்று தெரியவில்லை. கலையாகவே இது குறை. லங்கா ராணிக் கப்பலில் ஆட்களுக்கு முகம் இருந்தது. மகளின் முதல் அல்பத்தில் இல்லை.

இந்தக் குறையை அமெரிக்க விசா அலுவலகம் தீர்த்துவைத்தது என்றால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். இரண்டாவது அல்பத்தை அமெரிக்காவில் டிம்பலாண்ட் போன்ற பெரும் தயாரிப்பாளர்களோடு செய்யத் திட்டம் இருந்தது. நீண்டகால விசா கிடைக்கவில்லை. அவர் இந்தியா, ட்ரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று திரிந்து, சுவிட்ச் என்ற லண்டன் தயாரிப்பாளரோடு ‘கலா’வைக் கட்டினார். திட்டம் நடந்திருந்தால் நேர்த்தியான, மறக்கத்தக்க ஓர் அல்பம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

‘பேர்ட் ஃபுளூ’ பாட்டை நல்ல ஒலிபெருக்கியில் கேட்கவேண்டும். அதன் முதுகெலும்பு உறுமி. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், இயந்திரத் தாளத்தின் கீழே நெளிந்துகொண்டே போகிறது. உறுமி எங்கள் கரையின் வாத்தியம் இல்லை, தமிழ்நாட்டுக் கிராமத்தினுடையது. ஆனால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் நடக்கும் கொடியேற்ற நாட்களில் பக்கீர் பாவாமாரின் றபான் ஒலியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, பலபேர் ஒரே தோலடியில் மூச்சை ஒன்றாக்கும் அந்த வேகம் பழக்கமானது. இங்கே மாதங்கி தலைவியாக முன்னே நிற்கவில்லை. தாளக்காரர்களின் நெரிசலுக்குள் நசுங்கிக்கொண்டு கத்துகிறார். அவரது மெல்லிய குரல் முதல்தடவையாகப் பொருத்தமாகிறது. ஜோஸ் ஸ்டோனின் தொண்டை அந்த இடத்தில் இருந்தால் உறுமியோடு மல்லுக்கட்டியிருக்கும்.

‘பம்பூ பங்கா’வில் ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டு வந்து மோதுகிறது. ‘ஜிம்மி’ 1982இன் ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்தில் பப்பி லஹிரி இசையமைத்த பாட்டின் மறுவடிவம். எங்கள் ஊரில் வீடியோக் கசெட் காலத்துப் பெரியவர்கள் எல்லாரும் அறிந்த மெட்டு. இன அழிப்பு நடக்கும் பூமியைச் சுற்றுலாபோலப் பேசும் ஒருவனின் அழைப்பை அந்த இனிப்பான மெட்டின் மேல் வைத்திருக்கிறார். கசப்பு உடனே தெரியாது, பிறகுதான் ஏறும். ‘ஹஸல்’ பாட்டில் ஆபிரிக்கன் போய் என்ற நைஜீரிய லண்டன் இளைஞனுக்கு மைக்கைக் கொடுக்கிறார். வேறொன்றில் அவுஸ்திரேலிய ஆதிக்குடிச் சிறுவர்களின் குழுவான வில்கேனியா மொப் பாடுகிறது. இசையாக அது பலவீனமான பாட்டு, அவர்களின் பழைய பாட்டின் மேல் ஒட்டிய ஒட்டுத்துண்டுதான். இருந்தாலும் திசை தெளிவு: ‘அருளர்’ பிறருக்காகப் பேசியது, ‘கலா’ பிறரைப் பேசவிட்டது. சபை வந்துசேர்ந்தது.

‘பேப்பர் பிளேன்ஸ்’ இந்த முயற்சியின் உச்சம். த கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் மெட்டுத்துண்டு, அதன்மேல் சோம்பலாகச் சாய்ந்த குரல், பிள்ளைகளின் கூட்டுப்பாட்டு, நடுவில் துப்பாக்கி வெடிகளும் காசுப்பெட்டி திறக்கும் சத்தமும். குடியேறி வருகிறவன் உங்கள் காசைப் பறிக்க வந்தவன் என்ற மேற்கின் பயத்தை எடுத்து, ‘ஆமாம், அப்படித்தான்’ என்று முகத்துக்கு நேரே சிரித்துச் சொல்கிறது பாட்டு. போலி விசாவைப் பற்றிய பாட்டுக்கு விளக்கவுரை தேவைப்படாத ஊர்களில் கல்முனைக்குடியும் ஒன்று. ஏஜென்சிக்குக் காசு கட்டி, கட்டாருக்கும் சவூதிக்கும் பாஸ்போட்டை அனுப்பிவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ‘அருளர்’ பறக்கவிட்ட கொடிகளில் எங்களுக்கு இடம் இருக்கவில்லை; இந்த விசா வரிசையில் இருக்கிறது. கேட்கிறவனை நம்பவைக்கும் அந்த முதல் அளவுகோலையும் அவர் இங்கேதான் தொடுகிறார். உரத்துச் சொன்னபோது வராத நம்பிக்கை, அலட்சியமாகச் சொன்னபோது வருகிறது.

வெற்றி தாமதமாக வந்தது. 2007 முடிவில் ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை ‘கலா’வை ஆண்டின் முதல் அல்பமாக வைத்தது. 2008இல் ஒரு திரைப்பட முன்னோட்டத்தில் ஒலித்த பின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது. ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்திலும் வந்தது. 2009 பெப்ரவரி 8ஆம் திகதி, நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் ஏறினார். வன்னியில் மக்கள் ஒடுங்கிய நிலத்தில் குண்டுக்குள் கிடந்த நாட்கள் அவை. மேற்கின் இசையுலகில் அந்த மக்களைப் பற்றி வாய்திறந்தவர்கள் மிகச் சிலர், அவர் திறந்தார். இதை யாரும் அவரிடமிருந்து பறிக்கமுடியாது.

அவர்மேல் வைக்கப்பட்ட இரண்டு குற்றச்சாட்டுகளையும் பார்த்துவிடலாம். எல்லாம் டிப்ளோவின் கைவண்ணம் என்பது ஒன்று. ‘அருளர்’இல் டிப்ளோவின் கை பட்டது ஒரு பாட்டில். ‘கலா’வின் பெரும்பகுதி மாதங்கியும் சுவிட்சும் செய்தது. 2007இல் மாதங்கி இதை வெளிப்படையாகவே கண்டித்தார், கண்டித்தது சரி. பெண் பிள்ளை தாளப்பெட்டியைத் தானே இயக்கினாள் என்பதை நம்ப அந்த நாட்டுப் பத்திரிகைகளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டாவது, பயங்கரவாதத்துக்கு ஆதரவு. டீலோன் என்ற இலங்கை வம்சாவளி அமெரிக்க ராப் பாடகர் 2008இல் ‘பேப்பர் பிளேன்ஸ்’ஐயே திருப்பிப்போட்டு இப்படிச் சாடினார். சோம்பேறித்தனமான சாடல். தகப்பன் இருந்த இயக்கம் புலிகள் அல்ல, ஈரோஸ் என்றுகூடப் பலர் பார்க்கவில்லை. என் முறைப்பாடு வேறு: அவர் புலியை ஆதரித்தாரா என்பதைவிட, அந்தப் படத்தை ஆராயாமல் அலங்காரமாக்கினார் என்பதே ஒரு கலைஞர்மேல் வைக்கவேண்டிய குற்றம்.

இன்னொன்றும் உண்டு. இந்த இரண்டு அல்பங்களிலும் தமிழ் பெரும்பாலும் சாம்பிளாகவே வருகிறது. பாடகியின் வாயிலிருந்து வருவது அபூர்வம். சென்னைத் தாளக்காரர்கள் இல்லாமல் ‘கலா’ இல்லை. ஆனால் நான் வாசித்த ஆங்கில விமர்சனங்களில் அவர்கள் பெயரில்லாத ‘இந்தியத் தாளக்காரர்’களாகவே நிற்கிறார்கள். சபை கூடியது, ஆனால் பாடகியைத் திருத்தும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. ஜோஸ் ஸ்டோனின் மயாமி மூத்தோருக்கு அந்த அதிகாரம் இருந்தது. இந்த ஒரு விடயத்தில் டெவன் பிள்ளை முந்துகிறார்.

சுவிற்சர்லாந்தில் ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த பிரியா ராகு 2021இல் ‘டாம்ஷீஸ்தமிழ்’ என்ற தொகுப்போடு வந்தபோது, தமிழ்ப் பெயர் வைத்த சோல் பாட்டு உலகச் சந்தையில் யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. தம்பி தங்கை போல அடுத்தவர் வந்து நிற்க இடம் இருந்தது. குரல்வளத்தில் பிரியா மூத்தவரைவிடப் பல படி மேல், துணிச்சலில் கீழே. வாசலைத் திறந்தது யார் என்பதில் ஐயமில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. 2003 முதல் 2008 வரையான எம்.ஐ.ஏ.யின் வேலையில் ‘அருளர்’ நல்ல தாளமும் அரைவேக்காட்டு அரசியலும் சேர்ந்த அல்பம். அதற்குக் கிடைத்த புகழில் பாதி, மேற்கின் விமர்சகர்கள் தூரத்துப் போரைப் படமாக ரசித்ததால் வந்தது. ‘கலா’ அந்தத் தசாப்தத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த மிகச் சிறந்த இரண்டு மூன்று அல்பங்களில் ஒன்று. ஏமியின் ‘பேக் டு பிளாக்’குக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்குத் தயக்கமில்லை. ஈழத்தமிழரின் குரல் என்ற பட்டத்தை மட்டும் அவருக்குக் கொடுக்கமுடியாது. அந்த ஆறு வருடப் பாட்டுகளில் கிழக்கு முஸ்லிமும் இல்லை, மலையகத்தாரும் இல்லை, வன்னியும் வீடியோவின் பின்புலமாக மட்டுமே வருகிறது. புதிதாகக் கேட்கிறவர்கள் ‘கலா’விலிருந்து தொடங்குங்கள், அதிலும் ‘பேர்ட் ஃபுளூ’விலிருந்து. ‘அருளர்’ஐ அதற்குப் பிறகு கேட்டால் போதும்.